வழியில் வைக்காத தொப்பி

பின்னால் அந்தக் காலடி வந்துகொண்டேதான் இருந்தது. ஷூ இல்லை, செருப்பு. தரையில் படும்போது ஒரு சத்தம், குதிகாலில் திரும்ப அடிக்கும்போது இன்னொரு சத்தம், சப்பு சப்பென்று. அவள் நின்றால் அதுவும் நின்றது, நடந்தால் நடந்தது, ஏதோ வீறாப்பில் பத்து எட்டு ஓடினால் அது மட்டும் ஓடவில்லை, எப்படியும் அடுத்த மேட்டில் பிடித்துவிடலாம் என்கிற நிதானத்தோடு அதே சப்பு சப்பு. தமயந்திக்கு அந்த நிதானம்தான் எரிச்சலாக இருந்தது. முப்பது கிலோமீட்டர் மலையோட்டத்தில், பதினாறாவது கிலோமீட்டரில், எண்பத்து மூன்று பேருக்கும் பின்னால் கடைசி ஆளாக வருவதுகூட அவ்வளவு உறைக்கவில்லை. கடைசி என்பது ஒரு இடம், யாராவது இருந்துதானே ஆகவேண்டும். ஆனால் கடைசிக்கும் பின்னால் ஒரு ஆளை வேலைக்கு வைத்து, நீதான் கடைசி, நீதான் கடைசி என்று செருப்பால் சொல்லவைப்பது என்ன நியாயம். அந்த ஆள் பெயர் பொன்னன். இந்த ஜவ்வாது மலையிலேயே பிறந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் ஒரு கோணிப்பை. வழி தெரிவதற்காக ஐம்பது அடிக்கு ஒன்றாகக் கிளைகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தார்கள். கடைசி ஆள் தாண்டியதும் அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வருவதுதான் அவர் வேலை. காட்டில் பிளாஸ்டிக் தங்கக்கூடாது, சரிதான், நேற்று அதைச் சொன்னபோது அவளும் சேர்ந்து கைதட்டினாள். ஆனால் கைதட்டும்போது இது தெரியவில்லை, அவள் தாண்டிய இடமெல்லாம் அவளுக்குப் பின்னால் அழிந்துகொண்டே வரும் என்று. திரும்பிப் பார்த்தால் உண்ணிச்செடியும் மூங்கிலும்தான் இருந்தன. வழி என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. “தண்ணி இருக்குதா மா?” என்றது பின்னாலிருந்து குரல். “இருக்குங்க.” “பத்தரைக்கு இஸ்கூல்கிட்ட போயிடணும். நடந்தாலே போயிடலாம். ஓடாதீங்க, ஓடினா நின்னுடறீங்க.” சொல்ல நாலு பதில் இருந்தது, ஒவ்வொன்றும் ஒரு பத்தி நீளம், ஆனால் அதற்கு மூச்சு வேண்டும். அதுவுமில்லாமல், காட்டில் ஒரு ஆண் பின்னால் வருகிறான் என்பதையே அவள் முதுகு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. போளூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை, நூலகத்திலிருந்து விடுதிவரை, இருபத்து நான்கு வயதுவரைக்கும் முதுகு கற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான்: பின்னால் வரும் காலடியை எண்ணு, அது வேகமானால் நீயும் வேகமாகு, சாவியை விரலிடுக்கில் பிடி. பயமா என்று யாராவது கேட்டால் இல்லையென்று அடித்துப் பேசுவாள். சமூகவியல் ஆராய்ச்சி மாணவி, இதைப் பற்றி முப்பது பக்கக் கட்டுரை எழுதிக் கருத்தரங்கில் வாசித்தவள். கட்டுரை தலையில்தான் இருந்தது. முதுகு அதைப் படிக்கவில்லை.

மணி ஒன்பதே கால். இருபதாவது கிலோமீட்டரில், புளியங்குட்டை பள்ளிக்கூட மைதானத்தில் பத்தரைக்கு இருக்கவேண்டும், ஒரு நிமிஷம் தாண்டினாலும் நெஞ்சில் குத்தியிருக்கும் எண் அட்டையைக் கத்தரித்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அந்த ஜீப்பை அவளுக்குத் தெரியும். போன வருஷம் கொல்லிமலையில் ஏறியிருக்கிறாள், பின்சீட்டில் காலி தண்ணீர்க் கேன்களோடு கேனாக. ஏற்காட்டில் கணுக்கால் பிசகி பாதியில் உட்கார்ந்தாள். இது மூன்றாவது. இது கடைசி, ஏனென்றால் வாய் சும்மா இருக்கவில்லை. போன வாரம் போனில் அம்மா, அங்கன்வாடியில் இருபது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்த களைப்பில், சண்டைக்கில்லாமல் சும்மாதான் கேட்டாள். “அந்த மலையில அப்படி என்னத்தடி வெச்சிருக்க?” அதற்குத் தமயந்தி, “என்னைத்தான்” என்று சொல்லித் தொலைத்தாள். சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த ஓட்டத்தின் போஸ்டரில் போட்டிருந்த வாசகம் அது, ஓடு, தொலை, உன்னைக் கண்டடை என்று, பின்னணியில் தாடி வைத்த ஒருவன் சூரியனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் போஸ்டரைப் பற்றி விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் முக்கால் மணி நேரம் கிழிகிழியென்று பேசியிருக்கிறாள். தொலைவதற்கு விடுப்பு கிடைக்கிறவர்கள்தான் தன்னைக் கண்டடைய முடியும், விறகுக்கு இதே மலையில் தினம் ஏறி இறங்குகிற பெண் எதைக் கண்டடைகிறாள், அவளுக்கு ஏன் மெடல் இல்லை என்றெல்லாம். அப்படிப் பேசியவள் அம்மாவிடம் அதே வரியை ஒப்பித்தாள். அம்மா சும்மா விடுவாளா. “அப்ப ரெண்டு தடவை போயும் கிடைக்கலையா?” அவ்வளவுதான், ஏறிவிட்டது. “இந்தத் தடவை முடிக்கலைன்னா ஓடறதையே விட்டுடறேன், போதுமா?” “சொன்னா சொன்னதுதான?” “சொன்னா சொன்னதுதான்.” அறைத் தோழி நஸ்ரின் கட்டிலில் படுத்தபடியே சிரித்தாள். “நீ ஓடறதே புதுசா வாதம் பண்ண ஆள் தேடித்தான்டி. இப்ப அதையும் வாதத்துல வெச்சு தோத்துட்ட.” இன்னும் தோற்கவில்லை என்றாள் இவள். இன்னும் தோற்கவில்லை என்று இப்போதும் சொல்லிக்கொண்டாள், தொடை இரண்டும் உரசி எரிய, வலது கால் கட்டைவிரல் நகம் கழன்றுவிட்டதா இருக்கிறதா என்று தெரியாமல். ஆரம்பித்ததே ஒரு வாதத்தில்தான். விடுதிப் பதிவேட்டில் காலையில் வெளியே போக, எங்கே, எப்போது திரும்புவாய், காரணம் என்று மூன்று கட்டம். ஆண்கள் விடுதியில் பதிவேடே கிடையாது. முதல் நாள் காரணம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். காப்பாளர் கூப்பிட்டனுப்பினார். மூன்று வாரம் கடிதம், பதில் கடிதம். கடைசியில் ஜெயித்தாள், ஜெயித்த பிறகு தினமும் ஐந்து மணிக்கு எழுந்து போகாமல் இருக்க முடியவில்லை, போகாவிட்டால் இதற்குத்தானா இவ்வளவு என்பார்கள். அப்படி வீம்புக்கு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள், பல்கலைக்கழகத்துப் பின்வாசல் மண்பாதையில், மூச்சு சீராகி, தலைக்குள் இரண்டு பேர் ஓயாமல் மறுத்துப் பேசிக்கொண்டிருப்பார்களே, அந்த இரண்டு பேரும் வாயை மூடினார்கள். ஒரு நாற்பது அடி இருக்கும். நாற்பது அடி தூரம் உள்ளே யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. பிறகு திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நாற்பது அடிக்காகத்தான் கொல்லிமலை, ஏற்காடு, ராத்திரி பஸ், தெரியாத ஊர்த் தங்கல், எல்லாம். இதை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. ஏனென்றால் இதற்கு வாதம் கிடையாது.

இன்று ஒரு அடிகூடக் கிடைக்கவில்லை. இன்று உடம்பு வேறு. நேற்று மாலையே ஆரம்பித்துவிட்டது, நான்கு நாள் முன்னதாக, இதையும் யாரிடமாவது மனுக்கொடுத்துக் கேட்கமுடிந்தால் கேட்டிருப்பாள். காலையில் வைத்தது நாலு மணி நேரமாக, வியர்வையோடு, இனி தாங்காது. மாற்றியே ஆகவேண்டும். எட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுத்த இடத்தில் ஒரு மறைப்பு கட்டியிருந்தார்கள், அங்கே வரிசையில் நின்றால் நேரம் போகுமென்று வந்துவிட்டாள். இப்போது இந்தக் காடுதான். காடு பெரிதாகத்தான் இருந்தது, மறைவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அந்தச் செருப்பு பின்னாலேயே வருகிறது. நேற்று மாலை விதிகளைச் சொன்ன கூட்டத்தில், விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பிரசன்னா என்பவர், இந்த ஓட்டத்தை நடத்துகிறவர், சொன்னார்: “பாதையை விட்டு ஒதுங்கினா, பையோ தொப்பியோ எதையாவது ஒண்ணை வழி நடுவுல வெச்சுட்டுப் போங்க. பின்னால வர்ற ஸ்வீப்பருக்கு அதுதான் அடையாளம். இல்லன்னா அவர் உங்களைத் தாண்டிப் போயிடுவாரு.” எல்லோரும் தலையாட்டினார்கள். தமயந்தி கை தூக்கினாள். ஸ்வீப்பர் என்று ஏன் சொல்கிறீர்கள், பெயர் சொல்லுங்கள் என்றாள். பொன்னன் என்றார்கள். பெண்களுக்குப் பின்னால் ஒரு பெண்ணை அனுப்பக்கூடாதா என்றாள். “மலையில ஆண் பெண் இல்லைங்க, ஓடறவங்க மட்டும்தான்” என்று பிரசன்னா சொன்னதும் சிலர் கைதட்டினார்கள், அதற்கு அவள், “அப்ப டாய்லெட் கேட்டா மட்டும் எப்படிங்க ஆண் பெண் வந்துடுது?” என்றாள். கொஞ்சம் சிரிப்பு. அதோடு விட்டிருக்கலாம். “நாங்க ஒதுங்கினோம்னு ஒரு ஆளுக்குக் கொடி காட்டிட்டுப் போகணுமா? ரிப்பனை முன்னாடியே எடுத்துட்டா என்ன பண்ணுவீங்க?” பிரசன்னா பொறுமையாகத்தான் சொன்னார். “எங்க ஆள் தப்புல உங்களுக்கு முன்னாடி ரிப்பன் போச்சுன்னா, போன நேரத்தைத் திருப்பித் தர்றோம். அடையாளம் வைக்காம நீங்களா ஒதுங்கிப் போனீங்கன்னா நேரம் உங்க கணக்கு.” “இதை எழுதிப் போடுங்க” என்றாள். எழுதிப் போட்டார்கள். பலகையில், அவள் கேட்டு வாங்கிய விதி, கடைசி வரியாக. இப்போது அந்தப் பலகை கண் முன்னால் வந்து நின்றது. தொப்பி தலையில் இருந்தது. தலையிலிருந்து எடுத்துக் கீழே வைக்க ஒரு நொடி. பைக்குள்தான் எல்லாம் இருக்கிறது, பை வேண்டும், தொப்பி வேண்டாம். வைத்தால் என்ன. வைத்தால் அந்த ஆள் வந்து தொப்பிக்கு முன்னால் நிற்பார். நின்றுகொண்டு, எவ்வளவு நேரம் என்று யோசிப்பார். எதற்கு இவ்வளவு நேரம் என்று யோசிப்பார். அவள் புதருக்குள் உட்கார்ந்திருக்க, பத்தடி தள்ளி ஒரு ஆண் அவள் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பது. சீ. அவர் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ உயரமான கிளையில் ரிப்பனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், செருப்புச் சத்தம் நின்றிருந்தது. தமயந்தி தொப்பியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டுக்கொண்டு பாதையை விட்டு இறங்கினாள். ஐந்து நிமிஷம். அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது.

பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. பாதை கண்ணுக்கு மறைய வேண்டும் என்று பாறை ஒன்றைத் தாண்டி, அந்தப் பாறைக்கும் பின்னால் இன்னொரு பாறையைத் தாண்டிப் போயிருந்தாள். எறும்பு. வியர்வையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்த கால்சட்டை. பழையதைச் செய்தித்தாளில் சுருட்டிப் பையின் அடியில் திணித்து, கை கழுவக் குடிக்கிற தண்ணீரில் பாதியை ஊற்றி, நிமிர்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, அப்படியே கொஞ்சம் உட்கார்ந்தாள், உட்கார்ந்தது நன்றாக இருந்தது, அதுதான் தப்பு. திரும்பப் பாதைக்கு வந்து நின்றபோது முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, சத்தம் இல்லை. சப்பு சப்பு இல்லை. முன்னால் ஐம்பது அடியில் இருக்கவேண்டிய ஆரஞ்சு இல்லை. அடுத்த ஐம்பதிலும் இல்லை. தாண்டிப் போய்விட்டார். அவள் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அவள் போகவேண்டிய வழியை அவளுக்கு முன்னாலேயே அவிழ்த்துக்கொண்டு போகிறார். சரி, நேராகத்தானே, போனால் பிடித்துவிடலாம் என்று நடந்தாள், நடை ஓட்டமானது, ஓட்டம் ஒரு இடத்தில் நின்றது, ஏனென்றால் பாதை அங்கே இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஓடைப் பக்கம் இறங்கியது, ஒன்று மூங்கிலுக்குள் ஏறியது. கிளை கிளையாகப் பார்த்தாள். ஒரு முடிச்சின் மிச்சம், ஒரு நூல், ஒரு கிழிசல், ஒன்றுமில்லை. அந்த ஆள் வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார். போனில் சிக்னல் இல்லை. “ஏங்க” என்று கூப்பிட்டாள். அது அவளுக்கே கேட்கவில்லை. “அண்ணா” என்றாள். காலையிலிருந்து ஒரு தடவைகூட அவரை அப்படிக் கூப்பிடவில்லை, யாரையும் சட்டென்று அண்ணா என்று கூப்பிட்டுப் பாதுகாப்பு வாங்குவதைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து உண்டு, அந்தக் கருத்து இப்போது எங்கே போயிற்றோ. “அண்ணா… பொன்னண்ணா…” மூங்கில் ஒன்றோடொன்று உரசியது கதவு திறப்பதுபோல் கேட்டது. கரடி இருக்கிறது என்று நேற்று டீக்கடையில் சொன்னார்கள், சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். அவள் இறங்குகிற பாதையில் கொஞ்சம் போனாள், திரும்பினாள், ஏறுகிற பாதையில் கொஞ்சம் போனாள், திரும்பினாள், பிரிகிற இடத்தை விட்டால் அதுவும் போய்விடும் என்று அங்கேயே நின்றாள். ஒன்பது ஐம்பத்தைந்து. தலைக்குள் இருவரும் அமைதியாகத்தான் இருந்தார்கள், ஆனால் இது அந்த நாற்பது அடி அமைதி இல்லை, இது இரண்டு பேரும் எங்கோ ஓடிப்போன அமைதி. அம்மா அங்கன்வாடியில் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருப்பாள் இந்நேரம். இல்லை, இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருப்பாள், துணி ஊறவைத்திருப்பாள். கிழமைகூட மறந்துவிட்டது. இருபத்து நான்கு வருஷமாக எந்தச் சத்தம் பின்னால் வரக்கூடாது என்று முதுகு காத்திருந்ததோ, அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், அது செருப்பாக இருந்தாலும் பரவாயில்லை, செருப்பாகவே இருக்கட்டும்.

ஏறுகிற பாதையில், மூங்கிலுக்கு மேலே, ஆரஞ்சாக ஒன்று அசைந்தது. பிறகு அதற்குக் கீழே இன்னொன்று. ரிப்பன்கள் ஒவ்வொன்றாக அவளை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தன. பொன்னன் அவிழ்த்ததையெல்லாம் திரும்பக் கட்டிக்கொண்டே வந்தார். அவளைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். வேறு பாதையில் அவள் ஏறி வந்து அவரைத் தவறவிட்டாலும் ரிப்பனாவது இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார், கேட்காமலேயே புரிந்தது. “இன்னா மா, எங்க பூட்டீங்க? மேல ஈர மண்ணுல பாத்தேன், எல்லார் ஷூ தடமும் கீது, உங்க தடம் இல்ல. குலையே நடுங்கிப்போச்சு எனக்கு.” அவள் வாயைத் திறந்தாள். சொல்லவேண்டியது மூன்றே வார்த்தை. தொப்பி தலையில்தான் இருந்தது, அதைச் சொல்ல வேண்டியதுகூட இல்லை, அதுவே சொல்லும். ஆனால் வாய்க்கு வேறு பழக்கம். வாய்க்கு யார் கேள்வி கேட்டாலும் எதிர்க்கேள்விதான் முதலில் வரும். “நான் எங்கயும் போகலைங்க. வழியிலதான் இருந்தேன். நீங்கதான் என்னைத் தாண்டிப் போயிட்டீங்க.” பொன்னன் அவளைப் பார்த்தார். “நானா? நான் தாண்டலயே மா. தாண்டினா தெரியாதா?” “அப்ப நான் எப்படிப் பின்னால இருக்கேன்?” அது நல்ல கேள்வி. மடக்குகிற கேள்வி. அவர் முகம் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு உள்ளே போவதை அவள் பார்த்தாள். காலை முழுக்க நடந்ததை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். “அந்த மேட்டாண்ட ஒரு போன் வந்துச்சு. கொஞ்சம் சிக்னல் கெடைக்குமேன்னு அந்தாண்ட ஏறி நின்னேன். மாமனாரு… மாடு விக்கிறத பத்தி. அப்ப தாண்டிட்டேன் போல.” அவரே அவளுக்கு வழி எடுத்துக் கொடுத்தார். “ஆமா, தப்பு என்துதான் மா” என்றார், இன்னும் முழுதாக நம்பாத குரலில், தன் கண்ணை நம்புவதா படித்த பெண் சொல்வதை நம்புவதா என்று தெரியாமல், கடைசியில் இவள் பக்கம் சாய்ந்து. ஜெயித்துவிட்டாள். இவ்வளவு சுலபமாக அவள் எந்த வாதத்தையும் ஜெயித்ததில்லை.

மீதி மூன்று கிலோமீட்டரும் அந்தச் சப்பு சப்பு பின்னால் வந்தது, ஆனால் இப்போது அது அவளுக்கு வேகம் சொல்லிக்கொடுத்தது. “மெதுவா மா, இங்க வழுக்கும்.” “இந்தாண்ட, இந்தாண்ட.” கட்டிய ரிப்பனையெல்லாம் திரும்ப அவிழ்க்கவேண்டும், அவர் ஒவ்வொரு கிளையிலும் நின்றுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து பிடித்தார். நேரம் கிடைக்கும், அவள் விதியை அறிவாள், எங்கள் ஆள் தப்பென்றால் போன நேரத்தைத் திருப்பித் தருகிறோம். அது எழுதியிருக்கிறது. நடந்தது என்ன, ஒரு பெண் நாப்கின் மாற்ற இடமில்லாத ஓட்டத்தை நடத்தினார்கள், அது அவர்கள் தப்பில்லையா? தப்புதான். அப்போது நேரம் தருவதுதானே நியாயம்? நியாயம்தான். அவர் போனில் பேசியதும் உண்மைதானே? அவரே சொன்னார். நான் பொய்யே சொல்லவில்லை, வழி என்றால் என்ன, வழி என்பது மூன்றடி அகலமா, பாறைக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் காட்டு வழிதானே, ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பு எழுதுவதுபோல் உள்ளே இருந்தவள் எழுதிக்கொண்டே போனாள். ஒவ்வொரு குறிப்பும் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்கக் கால் கனத்தது. முன்னெல்லாம் கருத்தரங்கில் ஜெயித்துவிட்டு வந்தால் பசிக்கும். இப்போது பசிக்கவில்லை, வாயில் உப்புக் கரித்தது, தூங்கினால் போதும் போலிருந்தது, இந்தப் பாறையிலேயே, எறும்போடு எறும்பாக. “உங்க ஊரு எதுங்க மா?” என்றார் பின்னாலிருந்து. “போளூர்.” “அட, பக்கம்தான். வீட்ல தெரியுமா, இப்படி மலையில ஓடறது?” “தெரியும்.” “ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?” “சொல்லுவாங்க.” அவர் சிரித்தார். “எங்க வீட்லயும்தான். காலு இருக்குதுன்னு ஆளுங்க பின்னாலயே சுத்தறியேன்னு.” அவள் சிரிக்கப் பார்த்தாள். முதுகு ஒன்றும் எண்ணவில்லை, அது மட்டும்தான் அவளிடம் இப்போது களைப்பில்லாமல் இருந்தது.

பள்ளிக்கூட மைதானத்துக்குள் வந்தபோது மணி பத்து ஐம்பத்தெட்டு. சாமியானாவைப் பாதி பிரித்துவிட்டார்கள், ஜீப் வண்டி கதவைத் திறந்துகொண்டு நின்றது, கொடிக்கம்பத்தடியில் இரண்டு பேர் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அவள் கையில் கடலைமிட்டாயைக் கொடுத்தாள். “எங்க போயிட்டீங்க?” என்று பிரசன்னா கேட்டது அவளைத்தான், ஆனால் பொன்னன் முந்திக்கொண்டார். “என் தப்புங்க சார். போன் வந்துச்சு, பேசிட்டே தாண்டிட்டேன். ரிப்பனு எடுத்துட்டேன், அவங்க பின்னால இருந்திருக்காங்க.” அவ்வளவுதான், பிரசன்னா பிடித்துக்கொண்டார். “உன்கிட்ட ஒரே ஒரு வேலைதானப்பா சொன்னேன். கடைசி ஆளுக்குப் பின்னால வா. முன்னால போகாத. இதுல என்ன புரியல உனக்கு? அந்தப் பொண்ணு காட்டுல காணாமப் போயிருந்தா யாரு பதில் சொல்றது? நீயா சொல்லுவ? மலைக்காரன், வழி தெரியும்னு நம்பிக் கொடுத்தா, போன் பேசிட்டு வர்றியா போன்?” தட்டுக் கழுவுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பொன்னன் கையிலிருந்த கடைசி ரிப்பனை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். தமயந்தி கடலைமிட்டாயை மென்றுகொண்டிருந்தாள். அது இனிப்பாக இருந்தது, அதை அவள் பிறகு எத்தனையோ நாள் நினைத்துக்கொள்ளப் போகிறாள், ஒரு ஆளை அவளுக்காகத் திட்டிக்கொண்டிருந்தபோது மிட்டாய் இனிப்பாகத்தான் இருந்தது என்று. வாய்க்குள் கடைவாய்ப்பல் அரைக்கிற சத்தம் பெரிதாகக் கேட்டது. “இவங்களை நம்பினா இப்படித்தான்” என்று பிரசன்னா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னபோது அவளுக்குச் சுரீரென்றது, ஏறிவிட்டது, “அவர்கிட்ட மரியாதையா பேசுங்க. நீ, வான்னு என்ன பேச்சு? இவங்கன்னா எவங்க?” என்றாள். நல்ல குரல், கணீரென்று, மைதானத்தின் அந்தப் பக்கம்வரை கேட்டது. பிரசன்னா நிஜமாகவே வெட்கப்பட்டார். “சாரி. டென்ஷன். சாரி பொன்னன். சாரி மேடம், உங்களுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் சேர்த்துத் தர்றோம். பதினொண்ணு அஞ்சு வரைக்கும் உங்களுக்கு டைம் இருக்கு. தண்ணி நிரப்பிட்டுக் கிளம்புங்க.” பொன்னன் அவளைப் பார்த்தார். நன்றியோடு பார்த்தார். அதுதான். அதை மட்டும் அவளால் பார்க்கமுடியவில்லை. தனக்குப் பரிந்து பேசிய பொண்ணு என்று. அந்தக் கண்ணில் ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால்கூடத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போயிருப்பாளோ என்னவோ. பத்து கிலோமீட்டர். இறக்கம்தான் முக்கால்வாசி. ஊர்ந்து போனாலும் முடித்துவிடலாம். முடித்தேன் என்று அம்மாவிடம் சொல்லலாம், நஸ்ரினிடம் சொல்லலாம், அடுத்த மாதம் இன்னொரு மலை, இன்னொரு நாற்பது அடி. உன்னைக் கண்டடை. கண்டடைந்தாயிற்று. இதோ நிற்கிறாள், மிட்டாய் தின்றுகொண்டு.

“அவர் தாண்டலை” என்றாள். முதல் தடவை அது யாருக்கும் கேட்கவில்லை, கணீர் குரல் முன்பே செலவாகிவிட்டது. “என்ன மேடம்?” “அவர் தாண்டலைங்க. நான்தான் வழியை விட்டு ஒதுங்கினேன். நாப்கின் மாத்த. தொப்பி வைக்கலை. அவர்கிட்ட வழியிலதான் இருந்தேன்னு சொன்னது பொய்.” எல்லோரும் வேறு எங்கெங்கோ பார்த்தார்கள், கொடிக்கம்பத்தை, ஜீப்பை, தட்டை. மிட்டாய் கொடுத்த பெண் மட்டும் அவளைப் பார்த்தாள். பொன்னன் ரிப்பனை விரலில் சுற்றுவதை நிறுத்தினார். “அதான பாத்தேன்” என்றார், முதலில் மெதுவாக, பிறகு கோபமாக. “ஒரு மணி நேரமா என் புத்தியே கெட்டுப்போச்சோன்னு நெனைக்க வெச்சிட்டீங்களே மா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆகாதா?” பிரசன்னா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சங்கடமாகக் கழுத்தைச் சொறிந்தார். “அப்ப… நேரம் உங்க கணக்கு மேடம்.” “தெரியும். நான் கேட்டு எழுதவெச்சதுதான்.” அந்தப் பெண்தான் கத்தரிக்கோலோடு வந்தாள். எண் அட்டையின் நான்கு ஊக்கையும் கழற்றியிருக்கலாம், ஆனால் வழக்கம் கத்தரிப்பதுதான், குறுக்காக, எழுபத்தொன்பது என்ற எண் ஏழும் ஒன்பதுமாகப் பிரிந்தது. ஜீப் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரமாகும் என்றார்கள். பொன்னன் தண்ணீர் குடித்துவிட்டு, காலி கோணிப்பை ஒன்றை மாற்றி எடுத்துக்கொண்டார், மீதி பத்து கிலோமீட்டர் ரிப்பனும் அவர்தானே அவிழ்க்கவேண்டும். “நானும் நடந்தே வரட்டுமா?” என்றாள். பிரசன்னாவைக் கேட்கவில்லை, அவரைக் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். “வாங்க. ஆனா பேச மாட்டேன். இன்னிக்குப் பேசினது போதும் எனக்கு.” “சரிங்கண்ணா.” “முன்னால நடங்க.”

நடந்தாள். இறக்கம். கட்டைவிரல் ஒவ்வொரு எட்டிலும் ஷூவின் நுனியில் போய் இடித்தது, ஒன்றுமில்லை, இடிக்கட்டும். ரிப்பன்கள் முன்னால் இருந்தன, அவளுக்காக இல்லை, இருந்தன. சாமை கதிர் விட்ட கொல்லை ஒன்று வந்தது, போயிற்று. முடிச்சியா என்று அம்மா சாயந்திரம் கேட்பாள். இல்லை. அப்ப சொன்னா சொன்னதுதான? அதற்கு என்ன சொல்வது என்று தேடினாள், வழக்கமாக அம்மா கேள்வியை முடிப்பதற்குள் மூன்று பதில் வரிசையில் நிற்கும், இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடம் விட்ட வகுப்பறை மாதிரி இருந்தது. முடிக்கலைம்மா என்பாள். அம்மா ஏதாவது சொல்லுவாள். கேட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகு தெரியவில்லை. தண்ணீர் நிறையக் குடித்திருந்தாள், அடிவயிறு கனத்தது. பாதையோரம் பாறையும் புதருமாக ஒரு இடம் வந்தபோது நின்று, தலையிலிருந்து தொப்பியை எடுத்தாள். விளிம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அதைப் பாதையின் நடுவில் வைத்தாள், காற்று தூக்கிவிடும்போலிருந்தது, ஒரு கல்லை எடுத்து மேலே வைத்தாள். பிறகு அவசரமில்லாமல் பாறைக்குப் பின்னால் போனாள், ஒரு பாறை போதும். வளைவில் செருப்பு வந்துகொண்டிருந்தது, சப்பு சப்பென்று, கிளைக்குக் கிளை நின்று, வந்து. தொப்பிக்கிட்டே வந்ததும் நின்றது. இருமல் ஒன்று கேட்டது. ரிப்பன்களைப் பைக்குள் அமுக்கிவிடுகிற சத்தம், பிறகு அந்த ஆள் அப்பாடாவென்று தரையில் உட்காருகிற சத்தம்.